சோழர்களை விட்டு எங்கே போவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பள்ளிக்கூட நாளிலிருந்து சரித்திர நாவல்கள்தான் படிக்கிறேன். கல்கி, சாண்டில்யன், பாலகுமாரன் எல்லாம் முடித்து இப்போது இரண்டாம் சுற்று. வேறு வகைப் புத்தகம் எதை எடுத்தாலும் நாற்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. வாசிப்பில் தேங்கிவிட்டேனா? எப்படி வெளியே வருவது?"

தேங்கியெல்லாம் போகவில்லை, பயப்படாதீர்கள். ஐந்து பாகம் உள்ள நாவலை இரண்டாவது முறை உட்கார்ந்து படிக்கிறவருக்குப் பொறுமையிலோ பழக்கத்திலோ ஒரு குறையும் இல்லை.

நான் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தகம் எடுத்துப் போகிறவர்களைவிட, படிக்காமல் திருப்பிக் கொடுக்கிறவர்களைத்தான் அதிகம் கவனித்திருக்கிறேன். "இனிமேலாவது உருப்படியா ஏதாவது படிக்கணும் சார்" என்று ஒரு வேகத்தில் வருவார்கள். சரித்திர நாவல் ரேக்கிலிருந்து நேரே தத்துவத்துக்கோ நவீன கவிதைக்கோ தாவுவார்கள். பெரும்பாலும் அடுத்த வாரமே பழைய ரேக் முன்னால் வந்து நிற்பார்கள். பக்கத்து ரேக்குக்குப் போனவர்கள் அப்படித் திரும்பவில்லை. அங்கிருந்து அதற்கடுத்ததுக்கும் போனார்கள். ஆகவே சரித்திர நாவலை விட வேண்டாம் என்பதுதான் என் பதில். அதில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பாருங்கள். அந்தச் சரடு சரித்திர நாவலுக்கு வெளியேயும் ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

எது என்று கண்டுபிடிப்பதில் கொஞ்சம் வேலை இருக்கிறது. சரித்திர நாவல் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர, ஆளாளுக்கு அதில் வேறு வேறு விஷயம் பிடிக்கும். சிலருக்கு ஒற்றர்களும் சுரங்கப் பாதையும் சதியாலோசனையும், அதாவது துப்பறியும் கதையின் ருசி. சிலருக்கு ஊர்கள், பழையாறை, கொடும்பாளூர், நாகைப்பட்டினம் என்று பெயர் வந்தாலே போதும். சிலருக்குக் கடல். சிலருக்கு அந்தக் காலத்து மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி வரி கட்டினார்கள் என்ற விவரம். சிலருக்குக் காதல் காட்சிகள், வெளியே சொல்ல மாட்டார்கள். சாண்டில்யன் புத்தகங்களில் எந்தப் பக்கங்கள் அதிகம் கசங்கி வரும் என்று நூலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டாம் சுற்றில் நீங்கள் எந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டுகிறீர்கள், எங்கே நிதானிக்கிறீர்கள் என்று கவனித்தால் பதில் கிடைத்துவிடும். போர்க்களத்தைத் தள்ளிவிட்டுக் கோயில் வர்ணனையில் நிற்கிறவரும், வர்ணனையைத் தள்ளிவிட்டுச் சதிக்கு ஓடுகிறவரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதில்லை.

நாற்பது பக்கத்தில் நின்றுபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதை. சாண்டில்யனின் பெரிய நாவல்களும் அப்படி வந்தவைதான். வாசகர் அடுத்த வாரமும் கடைக்குப் போய் இதழ் வாங்க வேண்டும். அதனால் அத்தியாயம் கத்தி ஓங்கிய இடத்தில் முடியும். அடுத்தது வேறு எங்கோ தொடங்கிக் காக்க வைக்கும். மறந்திருப்பீர்கள் என்று நடந்ததை நடுவே ஒருமுறை நினைவுபடுத்தும். மிகத் தேர்ந்த கைவேலை அது, சந்தேகமில்லை. ஆனால் அதிலேயே வளர்ந்த கண், பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லாத நாவலைப் பார்த்ததும் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று சொல்லிவிடும்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலை இதற்காகவே பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 1977இல் வெளிவந்தது. நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலம், நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைவது என்று ஒரு சமஸ்தானமே கவிழ்கிற சமயம். அரசியல் என்று பார்த்தால் சோழ சிம்மாசனப் போட்டிக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் கதை சிகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு, வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு, கல்லூரிக்குப் போகிற சந்திரசேகரன் என்ற பையன் வழியாக நகர்கிறது. 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து கடம்பூர் மாளிகையின் ரகசியக் கூட்டத்தையே கேட்டுவிடுவான். இந்தப் பையனுக்கு எந்த ரகசியமும் எட்டாது. தெருவில் கண்டதும் காதில் விழுந்ததும்தான். ஓர் அரசு கவிழும்போது நம்மில் பெரும்பாலோர் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த மாதிரி நாவலுக்குள் போக எனக்குத் தெரிந்த ஒரு வழி: அத்தியாயம் முடிந்ததும் "அடுத்து என்ன ஆகும்" என்று கேட்காமல், "இப்போது இவனுக்கு என்ன தெரியும், போன அத்தியாயத்தில் என்ன தெரிந்திருந்தது" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் நாவலே உங்களை இழுத்துக்கொள்ளும். கடைசிப் பக்கங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சரி, உங்கள் சரடு கொலையும் சதியும்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாவல் ரேக்கை விட்டு வரலாறு ரேக்குக்கு வாருங்கள். ராஜராஜனின் அண்ணன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி நாவல் முடிந்த பிறகும் முடியவில்லை அல்லவா? கல்கி கதையை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறார். இன்றைய வீராணம் ஏரிதான் அது. ஏரிக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய உடைமையும் உறவினர் உடைமையும் பறிமுதலானதைச் சொல்கிறது. வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரைக்குப் பக்கத்திலேயே வழக்கின் முக்கிய ஆவணம்! ரவிதாசன் என்ற பெயரைக் கல்கி கற்பனையாக வைத்தார் என்று நினைத்திருந்த வாசகர்கள் இதைக் கேட்டதும் முகம் மாறுவதை நான் ரசித்ததுண்டு.

அதோடு விஷயம் முடியவில்லை. கொலை நடந்து பல ஆண்டுகள் கழித்து, ராஜராஜன் பட்டமேறிய பிறகுதான் பறிமுதல் வருகிறது. நடுவில் ஆண்டவர் உத்தம சோழர். அந்த இடைவெளிக்கு என்ன பொருள்? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1935இல் வெளிவரத் தொடங்கிய தம் சோழர் வரலாற்றில் உத்தம சோழர் மேல் சந்தேகத்தை வைத்தார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் அதை மறுத்தார். இருவரும் எட்டுகிற முடிவுகள் வேறு, கையில் இருக்கும் கல்வெட்டுகள் கிட்டத்தட்ட ஒன்றே. சாஸ்திரியின் நூல் 'சோழர்கள்' என்று தமிழில் கிடைக்கிறது. பண்டாரத்தார் தமிழிலேயே எழுதியவர், அடிக்குறிப்பைத் தள்ளிவிட்டால் தடங்கலில்லாமல் ஓடுகிற நடை. இரண்டையும் அந்தக் கொலை வரும் இடத்தில் அடுத்தடுத்துப் படித்தால், நீதிமன்றத்தில் இரண்டு வக்கீல்களின் வாதத்தைக் கேட்பது போல இருக்கும். தீர்ப்பு எழுதப்படாத வழக்கு. துப்பறியும் கதை பிடித்த ஒருவருக்கு வரலாற்று நூல் எப்படிக் கசக்கும் என்று எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்ததால் வந்த பயம்தான் அது.

விவரங்களுக்காகப் படிக்கிறவர் என்றால் இன்னும் ஒரு படி போகலாம். சரித்திர நாவல்களில் ஆடல் மகளிர் சபையில் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள், பெயர்கூட இருக்காது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேரும் பெயர் பெயராக இருக்கிறார்கள். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கணக்கு. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் மூலம் அச்சாகியிருக்கிறது. முழுவதும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். கதையே இல்லாத அந்தப் பட்டியலில் எனக்குத் தெரிந்த பல நாவல்களைவிட அதிக ஆட்கள் நடமாடுகிறார்கள்.

கடல்தான் சரடு என்றால் 'கடல் புறா'விலிருந்து இரண்டு திசையில் போகலாம். அதன் நாயகன் கருணாகரத் தொண்டைமான் சாண்டில்யன் படைத்த ஆள் இல்லை. செயங்கொண்டாரின் 'கலிங்கத்துப்பரணி'யில் படையை நடத்திப் போகிற தளபதி அவர்தான். பழைய இலக்கியம் என்றதும் ஓடிவிடாதீர்கள். பரணி ஒரு விநோதமான புத்தகம். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைத்துச் சாப்பிடுகின்றன, பந்தியில் கேலியும் கிண்டலுமாக. போர்க்களத்தை வீரர்கள் பக்கமிருந்தே பார்த்துப் பழகியவருக்கு, பசித்த பேய்கள் பக்கமிருந்து பார்ப்பது புதிதாக இருக்கும். உரையுள்ள பதிப்பாக எடுங்கள். சந்தத்துக்காக வாய்விட்டுப் படியுங்கள். புரியாத பாட்டைத் தாண்டிப் போனால் யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

இன்னொரு திசை ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வந்த நாவல். அதே மலாக்கா நீரிணை, அதே சுமத்ரா, ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலம். மேடான் நகரத்துக்குள் ஜப்பானிய ராணுவம் நுழைவதில் தொடங்குகிறது. செட்டியார்களின் வட்டிக்கடைகள், மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன பையன்கள், இந்திய தேசிய ராணுவம், பினாங்குக்குத் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் போகும்போது நடுக்கடலில் புயல். கதாநாயகன் பெயர் பாண்டியன், சாகசத்துக்கும் குறைவில்லை. சாகசம் முடிந்ததும் வெற்றி முழக்கம் வராது, அதுதான் வித்தியாசம். முதல் சில அத்தியாயங்களில் மலாய்ச் சொற்களும் தெருப்பெயர்களும் மூச்சு முட்ட வைக்கும். பல பேர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடாமல், புதிய ஊரில் பஸ்ஸில் போகிறவர் பெயர்ப் பலகைகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே போங்கள். சிங்காரம் இளமையில் மேடானில் கடை வேலை பார்த்தவர். ஊர் தெரிந்தவர் கையில் இருக்கிறீர்கள், கவலை வேண்டாம்.

ஊர்களுக்காகப் படிக்கிறவர்களுக்கு வேலை சுலபம். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' பயண நூல் போதும். பொன்னி நதியின் பெயரால் ஓடும் நாவலைப் படித்தவர் அந்த நதியின் கரையோடு போய்வர யோசிக்கமாட்டார். பயண நூலுக்குள் வந்துவிட்டால் அங்கிருந்து கட்டுரை ரேக் கைக்கெட்டும் தூரம்.

இப்போது ஒரு பழைய சம்பவம். எல்லோரும் கேள்விப்பட்டதுதான், ஆனால் வாசிப்பு வகைகள் என்ற கோணத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1880இல் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று அவர் படித்திருந்ததை எண்ணி மாளாது. அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் பட்டியலை விரிக்கிறார். முதலியாருக்கு அது பெரிதாகவே படவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம்? படித்ததில்லை. அன்றைய தமிழ் வித்துவான்களில் பெரிய நிலையில் இருந்த ஒருவர் அவற்றைக் கையில் எடுத்ததே இல்லை.

இதில் அவர் குறை ஒன்றுமில்லை. அன்றைய மடங்களிலும் பாடசாலைகளிலும் எது புழங்கியதோ அதைப் படித்தார். நமக்கும் அப்படித்தான். நம் ரசனை என்று நாம் நினைப்பதில் பாதி, சின்ன வயதில் வீட்டில் எந்தப் பத்திரிகை வாங்கினார்கள், யார் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா ராஜேஷ்குமார் வாங்கியிருந்தால் இன்று நீங்கள் வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

அதன் பிறகு சாமிநாதையர் செய்ததுதான் நமக்கு வேண்டியது. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு திணறுகிறார். தமிழ் தெரியும், இலக்கணம் தெரியும், உள்ளே இருக்கும் சமண உலகம் தெரியாது. என்ன செய்தார் என்றால், கும்பகோணத்தில் இருந்த ஜைனர் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே சிந்தாமணி பழைய ஏடாக இல்லை, பக்தியோடு உட்கார்ந்து படிக்கிற நூலாகப் புழங்கிக்கொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி பதிப்பு வெளிவந்தது. இதையெல்லாம் 'என் சரித்திர'த்தில் அவரே சொல்கிறார். அது ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் காலமானபோது முடியாமல் நின்றுவிட்டது. தன்வரலாறு என்ற வகையைத் தொட்டிராத சரித்திர நாவல் வாசகருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அதுதான். ஏடு தேடி ஊர் ஊராக அலைகிற பகுதிகள் எந்தப் புதையல் கதைக்கும் இளைத்தவை அல்ல.

ஆகவே புது வகைக்குள் போகும்போது, அந்த வகையிலேயே குடியிருக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். விமர்சகரோ பேராசிரியரோ வேண்டாம். அறிவியல் கதைகளை ஆசையாகப் படிக்கிற கல்லூரிப் பையன், கவிதைத் தொகுப்புகளை வாங்கிக் குவிக்கிற பேங்க் அம்மா, இப்படி யாராவது. "எதில் தொடங்கலாம்" என்று கேட்காதீர்கள், சம்பிரதாயமாக ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். "நீங்கள் எதை இரண்டு தடவை படித்தீர்கள், ஏன்" என்று கேளுங்கள். "சிறந்த நூறு நாவல்கள்" என்கிற பட்டியல்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பட்டியல் போட்டவரின் ருசி அதில் இருக்கும், உங்களுடையது இருக்காது.

சில நடைமுறை விஷயங்கள். புது வகையைப் பணம் கொடுத்து வாங்காதீர்கள், நூலகத்தில் எடுங்கள். காசு போட்ட புத்தகத்தைப் பாதியில் மூடும்போது வருகிற குற்ற உணர்ச்சி அடுத்த முயற்சியையும் கெடுத்துவிடும். முதலில் சிறுகதைகளில் ருசி பாருங்கள். புதுமைப்பித்தன் கதை ஒன்று பிடிக்காமல் போனால் நஷ்டம் அரை மணி நேரம். ஒரே சமயத்தில் பழைய வகையில் ஒன்று, புது வகையில் ஒன்று என்று இரண்டு புத்தகம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதியதைக் காலையில் படியுங்கள். ராத்திரி தூக்கம் சொக்கும்போது கண் பழகிய இடத்துக்குத்தான் போகும்.

மொழிபெயர்ப்பு என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு க.நா.சு. தமிழாக்கிய 'மதகுரு'. செல்மா லாகர்லெவ் என்ற ஸ்வீடன் நாட்டு எழுத்தாளரின் நாவல். குதிரைகள், பனி, மாளிகையில் குடித்துக் கூத்தடிக்கும் வீரர்கள், பாவமும் காதலும் என்று நம் ராஜா ராணிக் கதை வாசகருக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். எழுதியவர் பெண் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இருந்த மூன்று பெயர்களும் ஆண்கள். குந்தவையும் நந்தினியும் எவ்வளவு கெட்டிக்காரிகளாக இருந்தாலும் ஓர் ஆண் எழுத்தாளர் பார்த்த பெண்கள்தான். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது. கொற்கைத் துறைமுகத்தின் முத்துக்களைப் பற்றி எவ்வளவோ படித்திருப்பீர்கள், அதே கடற்கரையில் உப்பு வாருகிறவர்களையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. புது வகை பிடித்துப்போனதும் பழையதை இளக்காரமாகப் பேசத் தோன்றும். "அதெல்லாம் அப்போ படிச்சது" என்று ஒரு தோரணை வரும். எனக்குத் தெரிந்து அப்படிப் பேசியவர்கள் பலர் புதிய இடத்திலும் ஒரே ரேக்கிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், அட்டைகள் மட்டும் மாறின.

எந்தச் சரடு என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கே தேர்ந்தெடுக்கச் சொன்னால் பண்டாரத்தாரின் முதல் பகுதியை இந்த வாரம் எடுக்கச் சொல்வேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், வரலாற்று நூலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நேரே சுந்தர சோழர் அதிகாரத்துக்குப் போங்கள், அங்கிருந்து உத்தம சோழர், ராஜராஜன். ஆட்கள் எல்லோரும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். படித்து முடித்து, கொன்றது யார் என்று உங்கள் கட்சியைச் சொல்லுங்கள். நான் பண்டாரத்தார் பக்கம்.